மேலே எந்தப் பக்கம்?

மழைக்காலம் தொடங்கிய பிறகு பூசான் நகரில் எதுவும் காயவில்லை. துணி காயவில்லை, சுவர் காயவில்லை, என் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் குடைகள் காயவில்லை. யோங்தோ மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கும் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவள் நான். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்ததும் என் தம்பி கியுசிக்கை இழுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடியில் நிலவறையில் இருந்த பிசி பாங் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைக்குப் போனேன்.

இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான். படி இறங்கும்போது அவன் ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்திருந்தான்.

"மெதுவா போ அக்கா. படிக்கட்டுலயும் பஸ்ஸா ஓட்டுற?"

"பஸ்ஸா இருந்தா உன்னை எப்பவோ ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டுப் போயிருப்பேன்டா."

"உன் பஸ்ல ஏறுற கிழவிங்க எல்லாம் ஏறும்போதே சாமி கும்பிடுறாங்களாமே, நெசமா?"

தலையில் ஒரு தட்டு தட்டலாம் என்றால் அதற்கும் பயமாக இருந்தது. தட்டினால் விழுந்துவிடுவான்.

கியுசிக் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டியவன். ஆகாயத்தில் தொங்கும் கேபின், காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்த்தபடியே வேலை. போன குளிர்காலத்தில் அவனுக்கு உள்காதில் நோய் வந்தது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மேல், கீழ் என்பதை அவன் உடம்பு மறந்துவிட்டது. கட்டிலில் புரண்டால் அறை சுற்றியது, கண்ணை மூடினால் தரை சாய்ந்தது. மாதக் கடைசியில் ஒரு சமநிலைப் பரிசோதனை வைத்திருந்தார்கள். அதில் தேறினால் மறுபடி கிரேன் ஏறலாம். தேறாவிட்டால் அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே வேலை அதோடு முடிந்தது. அப்பா அம்மா இல்லாத அவனுக்கு நான்தான் எல்லாம் என்பதால், எனக்கும் அந்த ஒரு கவலைதான் சோற்றிலும் தூக்கத்திலும்.

இதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பெயர் 'பள்ளம்'. இரண்டு பேர் உட்காரும் குட்டி நீர்மூழ்கிப் படகு. ஓட்டுகிறவனுக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் மட்டும். அதில் தெரிவதெல்லாம் இருட்டும் சேறும்தான். வழி சொல்கிறவளிடம் சுற்றி இருப்பவை புள்ளியாகத் தெரியும் திரையும், ஆழம் காட்டும் கருவியும் உண்டு, ஆனால் ஓட்டும் பிடி கிடையாது. நீரோட்டம் வந்து படகைப் புரட்டிப் போட்டால் ஓட்டுகிறவனுக்கு எல்லாத் திசையும் ஒன்றாகிவிடும். மேலே போவதாக நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் தரையில் மோதிச் சாகிறவர்கள்தான் அதிகம்.

"காது பொய் சொல்லுது அக்கா. காதை நம்பாம திசையைப் பிடிச்சு வெச்சுக்கப் பழகணும். இதுல பழகிட்டா கிரேன்லயும் வரும்" என்பான்.

பழகியும்விட்டான். அந்த மத்தியானமே நீரோட்டம் எங்களை இரண்டு தடவை உருட்டியது. "கையை எடு!" என்று நான் கத்துவதற்கு முன்பே அவன் கையை எடுத்துவிட்டான். பதறாமல் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, கண்ணாடி ஓரமாகக் குமிழிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்தான். இடப் பக்கமாக ஓடின. அப்படியானால் அதுதான் மேல். படகு நிமிர்ந்தது.

"குமிழிக்கு மட்டும் எப்பவும் குழப்பம் இல்லை, பாத்தியா? உன் வாயை விட நம்பகமானது" என்றான். கடைக்காரர் யோம் கொண்டு வந்து வைத்த நூடுல்ஸ் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

அப்போதுதான் பொது அலைவரிசையில் அந்தக் குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

ஆண் குரல். வயது சொல்ல முடியவில்லை. மைக்கில் உதடு உரசும் அளவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நான் என் திரையைப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

"இருக்கோம். சொல்லுங்க" என்றான் கியுசிக்.

"மேல எந்தப் பக்கம்?"

"காத்தை விட்டு, குமிழியைப் பாருங்க."

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆள் பேசும்போது நடுவில் மூச்சு இழுக்கும் சத்தமே வரவில்லை என்பது அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது.

"குமிழி வரலை" என்றது குரல்.

நூடுல்ஸ் வாசனை போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாகக் குளிர்ந்த சேற்று வாசனை எழுந்தது. படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டும்போது வருமே, அந்த வாசனை. மழைத் தண்ணீர் நிலவறைக்குள் வந்துவிட்டதோ என்று தரையைப் பார்த்தேன். தரை காய்ந்துதான் இருந்தது.

பள்ளத்துக்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. வழி தவறிய படகு கூப்பிட்டால், காதில் விழுந்தவர் தன் முன்விளக்கைப் போட்டுவிட்டு, அசையாமல் நின்று, "என் விளக்கைப் பார்த்து வா" என்று சொல்ல வேண்டும். வந்து சேர்ந்ததும் மேலே, பள்ளத்தை விட்டு வெளியேறும் வாசலான மதகுவரை கூட்டிப்போய், அந்தப் படகை முதலில் உள்ளே விட வேண்டும். மதகில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழையும். காப்பாற்றியவர் பின்னால்தான் போவார். முந்திக்கொண்டு நுழைந்தவனோடு அப்புறம் ஒருத்தரும் சேர்ந்து விளையாட மாட்டார்கள்.

கியுசிக் விளக்கின் பொத்தானில் விரலை வைத்தான்.

"வேண்டாம்டா. திரையில ஆளே இல்லை" என்றேன் மெதுவாக, என் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"உன் திரை கெட்டுப்போயிருக்கும்."

"டேய், சொன்னாக் கேளு. எனக்குச் சரியாப் படலை."

"மேல கீழ தெரியாம கெடக்குறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது அக்கா. எனக்குத் தெரியும்" என்றான். விளக்கைப் போட்டான். "என் விளக்கைப் பார்த்து வாங்க."

என் திரையில் ஒரு புள்ளி தோன்றியது.

அது எங்களுக்குக் கீழே இருந்தது. பள்ளத்தின் தரைக்கும் கீழே.

தரை என்று நான் சொல்வது விளையாட்டை உருவாக்கியவர்கள் வரைந்து முடித்த இடம். அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது. புள்ளி அதைத் தாண்டி நிதானமாக ஏறி வந்தது. கியுசிக்கின் விளக்கொளி நீண்டு விழுந்த இடத்தில் சேறு விலகியது. அவன் கண்ணாடியில் ஒரு பழைய படகின் மூக்கு தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு குமிழிகூட இல்லை.

"அடேங்கப்பா, பாவம். எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்றான் கியுசிக்.

"மேல கூட்டிட்டுப் போங்க" என்றது குரல், மிகவும் பணிவாக.

மேலே போனோம். வழியை நான்தான் சொன்னேன், என் வாயால், ஒவ்வொரு திருப்பமாக. சொல்லாமல் விட்டால் கியுசிக்கும் சேர்ந்துதான் தொலைவான். மதகின் வாய் திறந்து வெளிச்சம் விழுந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான்.

"நாமளே முதல்ல நுழைஞ்சிடலாம்" என்று அவன் முழங்கையைப் பிடித்தேன்.

"அசிங்கம் அக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் படகுக்கு வழி விட்டான்.

அது நுழைந்தது. மதகு மூடியது.

அந்தக் கணத்தில் ஒரே படகில் இருந்த எங்கள் இரண்டு பேரின் திரைகளும் வேறு வேறு இடங்களைக் காட்டின. என் திரையில் நாங்கள் மதகுக்கு வெளியே, இருட்டில், மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். கியுசிக்கின் திரையில் மதகின் உள்பக்கம். பளிச்சென்ற மஞ்சள் வெளிச்சம்.

கியுசிக் பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான்.

"வந்துட்டேன்" என்றான்.

எழுந்தான். மேஜையைப் பிடிக்கவில்லை, நாற்காலியைப் பிடிக்கவில்லை. நேராக நடந்து, சுவரைத் தொடாமல், படியில் விறுவிறுவென்று ஏறிப் போனான்.

யோம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "உன் தம்பிக்குச் சரியாயிடுச்சா?"

நான் பின்னால் ஓடினேன். தெருவில், கொட்டும் மழையில், அவன் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். தள்ளாட்டம் இல்லை. கண்ணை மூடியிருந்தான், அப்போதும் தள்ளாடவில்லை. திரையில் பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவனைக் கட்டிப்பிடித்து நடுத்தெருவில் ஓவென்று அழுதேன். பயந்துபோயிருக்க வேண்டிய நேரத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறந்து வளர்ந்த தெருவில், நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அவன் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை, அதுதான் தொந்தரவு. "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க அக்கா" என்றான். என் சமையலைப் பற்றி கியுசிக் அப்படி ஒரு பொய்யை என்றைக்கும் சொன்னதில்லை. மாடிக்குப் போனான், தேடிப் போனால் மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டிமேல் நின்றான். இறக்கிக் கூட்டி வந்தால் பாத்திரம் கழுவுவதற்குள் மறுபடி அங்கே நின்றான். இடம் வலம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மேலே என்ற ஒன்று மட்டும் போதுமாக இருந்தது.

பரிசோதனையில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்களாம், கண்ணைக் கட்டிச் சுழற்றினார்களாம். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்று டாக்டர் என்னிடமே சொன்னார். உடனே வேலைக்குக் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் அவன் தோழர்கள் கேக் வெட்டினார்கள். நான் மட்டும் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நின்றேன். எனக்கு இந்த ஆரோக்கியசாலி வேண்டாம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் பஸ்ஸைக் கேலி செய்துகொண்டு, தடுமாறித் தடுமாறி வருவானே, அவன்தான் வேண்டும்.

அவன் கிரேன் ஏறிய முதல் நாள், நான் லீவு போட்டுவிட்டுத் தனியாக அந்த நிலவறைக்கு இறங்கினேன்.

அதே இருக்கையில் உட்கார்ந்து 'பள்ளம்' திறந்தேன். எங்கள் படகு நாங்கள் விட்ட இடத்தில் இல்லை. தேடினேன். வெகு ஆழத்தில், தரைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புள்ளி. அதன் முன்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.

"அக்கா?"

மைக்கை வாயருகே இழுத்தேன்.

"அக்கா, நீதானே? எரும, இவ்வளவு நேரமா எங்க போய்த் தொலைஞ்ச? கத்திக் கத்தித் தொண்டை போச்சு."

"கியுசிக்..."

"அழாத. உன் அழுகையைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். மேல எந்தப் பக்கம்னு சொல்லு."

"கையை எடு. காத்தை விட்டு, குமிழியைப் பாரு."

"எப்பவோ பாத்துட்டேன் அக்கா." அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. "குமிழி வரலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேறொரு படகை எடுத்தேன். இந்த விளையாட்டில் முதல் தடவையாக ஓட்டுகிறவர் இடத்தில் நான். இறங்கிப் போய், விளக்கைப் போட்டு, மதகுவரை கூட்டி வந்து, அவனை முதலில் உள்ளே விட வேண்டும். அப்புறம் நான் எங்கே போனால் என்ன? இறங்கத் தொடங்கினேன். விளக்கின் பொத்தானில் விரலை வைத்தேன்.

என் கைப்பேசி ஒலித்தது. கியுசிக்கின் எண்.

"அக்கா, நான்தாங்க" என்றான். காற்றின் இரைச்சலுக்கு நடுவில் மூச்சில்லாத அந்தப் பணிவான குரல். "விளக்கைப் போடாதீங்க."

பொத்தான்மேல் என் விரல் அப்படியே நின்றது.

"அவன் மேல வந்தா நான் இறங்கணும். அது உங்களுக்குத் தெரியும். ஆனா நான் இப்ப எங்க உக்காந்திருக்கேன்னு யோசிச்சீங்களா? காலுக்குக் கீழ கண்ணாடிங்க. அதுக்குக் கீழ கப்பல். கொக்கியில ஒரு கன்டெய்னர் தொங்குது, அதுக்கு நேர் கீழ ஆளுங்க நிக்கிறாங்க. உங்க தம்பிக்குக் கட்டில்ல புரண்டாலே தலை சுத்தும்னு கேள்விப்பட்டேன்."

"நீ யாரு?"

"கீழ இருந்தவன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஹெட்போனில் என் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். விரலையே பிய்த்து எடுப்பதுபோல் இருந்தது.

"கியுசிக், கேளு. சாயங்காலம்வரை அசையாம இரு. அவன் ஷிப்ட் முடிஞ்சு தரைக்கு இறங்குவான். இறங்கினதும் உன்னைக் கூட்டிக்கிறேன்."

"சாயங்காலம்னா எவ்வளவு தூரம் அக்கா?"

"பக்கம்தான்டா. பக்கத்துலதான்."

"நீ பேசிக்கிட்டே இரு. நீ பேசுனா அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு தெரியுது."

பேசினேன். பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி, யோம் புதிதாகச் சாயம் பூசிய தலையைப் பற்றி. அவன் சிரித்தான்கூட. ஷிப்ட் முடியும் நேரம் நெருங்கியதும், யோமைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். "நான் போன் பண்ணினதும் இந்த விளக்கைப் போட்டு, அவனை மதகுவரை கூட்டிட்டுப் போய் முதல்ல உள்ள விடுங்க. அதுவரைக்கும் அவன்கிட்ட என்ன வேணும்னாலும் பேசுங்க, நிறுத்தாதீங்க" என்றேன்.

யோம் கொஞ்ச நேரம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் உட்கார்ந்தார். "தம்பி, உன் அக்கா என் தலையைப் பத்தி என்ன சொன்னா?" என்று மைக்கில் கேட்டார்.

நான் துறைமுகத்துக்கு ஓடினேன்.

மழை விட்டிருந்தது. சங்கு ஊதியது. வரிசையாக நின்ற கிரேன்களின் கேபின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆட்கள் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசியபடி என்னைக் கடந்து போனார்கள். கடைசி கிரேனில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் சூப்பர்வைசர் மேங் வாக்கி டாக்கியோடு அண்ணாந்து நின்றார்.

"வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் என்னைப் பார்த்து. "முதல் நாள் உற்சாகம்போல. இறங்குப்பான்னா இறங்க மாட்டேங்கிறான். உங்க குரலைக் கேட்டா இறங்குவான்." வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "கியுசிக்! கீழ உன் அக்கா வந்திருக்காங்க. போதும் வா."

கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு மிகவும் பணிவாக அந்தக் குரல் கேட்டது.

"இதுக்கு மேல எப்படிங்க போறது?"

மேங் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

என் கையில் கைப்பேசி இருந்தது. யோமின் எண் தயாராக இருந்தது. அதை அழுத்தவும் முடியவில்லை, அழுத்தாமல் இருக்கவும் முடியவில்லை. மேலே கேபின் கதவு திறந்தது. கிரேனின் உச்சிக்குப் போகும் இரும்பு ஏணியில், ஒருமுறைகூடத் தடுமாறாமல், என் தம்பியின் கால்கள் ஏறத் தொடங்கின.